ரிங்க்: ஒரு களப்பெயரின் வரலாறும் தமிழ்க் களப்பெயர்களும்

சக்கரக் காலணி பூட்டிய சிறார் வட்டமிட்டு விரையும் வழவழப்பான சிமெண்டுத் தளத்துக்கும், குளிர்நாடுகளில் நீரை உறையவைத்து அமைக்கும் பனித்தளத்துக்கும் இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் ‘ரிங்க்’ என்பது. ஸ்கேட்டிங் என்னும் சறுக்காட்டத்தோடு இன்று பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும் இச்சொல், பிறந்த காலத்தில் பனியையோ காலணியையோ அறிந்திருக்கவில்லை; குதிரை வீரர்கள் ஈட்டி ஏந்தி எதிரெதிரே மோதிய நிலத்தையும், ஓட்டப் பந்தயத்துக்கென எல்லை குறித்து ஒதுக்கிய நிலத்தையுமே அது முதலில் சுட்டியது. அந்தச் சொல் எந்த வேரிலிருந்து கிளைத்து எவ்வழியாகச் சறுக்காட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்பதையும், அதற்கு நிகராகத் தமிழில் எச்சொல் நிற்கத்தக்கது என்பதையும் ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பொருத்தமான நிலைக்களங்கள். பாளையம் என்பதே படை தங்குவதற்கு எல்லை வகுத்து ஒதுக்கப்பட்ட இடத்தின் பெயர். ராஜபாளையத்தின் உட்பகுதிகளான பழையபாளையமும் புதுப்பாளையமும் அச்சொல்லை இன்றளவும் தாங்கி நிற்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஊரின் அமைப்பே தேரோடும் வீதிகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆடிப்பூரத் தேர் சுற்றி வருகின்ற அந்த வீதிகள் ஆண்டின் பெரும்பகுதி போக்குவரத்துக்கும் கடைகளுக்கும் பயன்பட்டாலும், அவற்றின் அகலத்தையும் திருப்பங்களையும் தீர்மானித்தது தேரின் தேவையே. குறிப்பிட்டதோர் இயக்கத்துக்காக நிலத்தை ஒதுக்கி அதற்கென ஒரு பெயரிடுவது இவ்வூர்களுக்குப் புதிதன்று.

ஆங்கிலச் சொற்பிறப்பியலார் காட்டும் வழி இது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து வழக்கில் இச்சொல் போருக்கும் ஈட்டிப் போட்டிக்கும் ஓட்டத்துக்கும் அளந்து ஒதுக்கிய நிலம் என்னும் பொருளில் வருகிறது. அதற்கு மூலம், வரிசை என்று பொருள்படும் ‘ரெங்க்’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லாதல் வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து. படைவீரர் அணிவகுத்து நிற்கும் வரிசை, அவ்வரிசைகளுக்கு இடைப்பட்ட நிலம், அந்நிலத்தில் நிகழும் மோதல் என்று பொருள் அடுத்தடுத்து நகர்ந்தமையை எளிதில் உணரலாம். பதவிநிலையைக் குறிக்கும் ‘ரேங்க்’, எல்லைப் பரப்பைக் குறிக்கும் ‘ரேஞ்ச்’ ஆகிய சொற்களும் இதே பிரெஞ்சு மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை.

ஆயின் அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் முதல் வேர் அன்று. பிரெஞ்சு நிலத்தை ஆண்ட பிராங்க் இனத்தாரின் ஜெர்மானிய மொழியில் வட்டம், வளையம் என்று பொருள்பட்ட ‘ஹ்ரிங்’ என்னும் வடிவத்திலிருந்து அது பெறப்பட்டது என்பர். இவ்வடிவம் ஏட்டில் கிடைத்ததன்று; உறவு மொழிகளின் சொற்களை ஒப்புநோக்கி அறிஞர்கள் மீட்டுருவாக்கியது. மக்கள் வட்டமாகக் கூடி நிற்றல், வட்டமாகக் கூடியவர் அணியாக நிற்றல், அணி என்பது வரிசையாதல் என்று வட்டத்திலிருந்து கோட்டுக்குப் பொருள் மாறியிருக்கிறது. அதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சு வழி செல்லாமல் நேரே ஆங்கிலத்தில் நிலைத்தபோது, விரலில் அணியும் மோதிரத்துக்கும் குத்துச்சண்டை மேடைக்கும் பெயராகிய ‘ரிங்’ ஆயிற்று. எனவே ரிங்கும் ரிங்க்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று தாய்வீட்டிலேயே தங்கியது, மற்றது பிரெஞ்சு நாடு சென்று வரிசை என்னும் பொருளோடு ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. இத்தாலிய மொழியில் பொதுச் சதுக்கத்துக்கும் போட்டிக் களத்துக்கும் பேச்சு மேடைக்கும் பெயரான ‘அரிங்கோ’ என்பதும் இவ்வேரினதே என்றும், நீண்ட உரையைக் குறிக்கும் ‘ஹராங்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே வந்தது என்றும் பலர் கருதுவர். கூடும் இடத்தின் பெயர் அங்கே நிகழும் பேச்சின் பெயராவதற்கு அது நல்ல சான்று.

ஈட்டி வீரரின் களப்பெயர் பனிக்கு வந்தது கர்லிங் என்னும் ஆட்டத்தின் வழியாக. கர்லிங் என்பது, தேய்த்து மெருகேற்றிய கனத்த கருங்கல்லைப் பனிப்பரப்பின் மீது உந்தி, எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும் ஸ்காட்லாந்து ஆட்டம். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்தபின், பனிப்பரப்பில் நீண்ட பட்டையாக ஓரிடத்தைத் துடைத்து, கோடு குறித்து ஆடுவர். அந்தப் பட்டைக்கு 18ஆம் நூற்றாண்டில் ரிங்க் என்று பெயரிட்டனர். அது வட்டமன்று; இன்றைய அளவில் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமும் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்ட நெடும்பட்டை. வரிசை என்ற பழம்பொருள் அதில் தெளிவாகத் தங்கியிருந்தது. அந்தப் பட்டையில் ஆடும் நால்வர் அணிக்கும் ரிங்க் என்றே பெயர் வழங்கியது இங்கே குறிக்கத்தக்கது. இடப்பெயர் அங்கே கூடுவோரின் பெயராகும் இந்த இயல்பைத் தமிழிலும் பின்னர்க் காணலாம்.

சறுக்குக் காலணி பூட்டி ஆடும் பனிப்பரப்புக்கு இப்பெயர் பரவியது 1860களில். அதே பத்தாண்டில்தான் சக்கரக் காலணியும் உருமாறியது. முன்பிருந்த சக்கரக் காலணிகள் நேரே ஓடத் தெரிந்தவை, திரும்ப அறியாதவை. நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் காப்புரிமை பெற்ற காலணியில் பாதத்தின் முன்புறம் ஒரு சோடியும் பின்புறம் ஒரு சோடியுமாக நான்கு சக்கரங்கள் அமைந்தன. சக்கரங்களின் அச்சுக்கும் அடிப்பலகைக்கும் இடையே அழுத்தத்துக்கு இணங்கும் மெத்தை வைக்கப்பட்டதால், ஆடுபவர் உடலை எப்பக்கம் சாய்த்தாரோ அப்பக்கம் அச்சு தானே திரும்பியது. சாய்ந்தால் திரும்பும் என்ற இந்த ஒரு நுட்பம் நேர்கோட்டு ஓட்டத்தை வளைந்து சுழலும் ஆட்டமாக்கியது. வளைந்து சுழல வேண்டுமெனில் தளம் பட்டையாக இருத்தல் ஆகாது. அகன்றும் முனைகள் வளைந்தும் இருத்தல் வேண்டும். கோட்டுப் பொருளில் நின்ற ரிங்க் மீண்டும் வட்டத்தை நோக்கித் திரும்பியது இக்காரணத்தால்தான். 1870களில் பிரிட்டனின் நகரந்தோறும் சக்கரச் சறுக்கு மண்டபங்கள் பெருகின. 1875 அளவில் அம்மண்டபங்களுக்கும் ரிங்க் என்னும் பெயர் உறுதியாயிற்று.

பனி இல்லாத பருவத்தில் பனித்தளம் வேண்டும் என்னும் வேட்கை மற்றொரு பக்கம் வளர்ந்தது. லண்டனில் ஜான் கேம்ஜி 1876இல் ‘கிளேசியேரியம்’ என்னும் செயற்கைப் பனித்தளத்தைத் திறந்தார். தரையில் பரப்பிய செம்புக் குழாய்களுக்குள் குளிரூட்டிய கிளிசரின் கலந்த கரைசல் ஓட, குழாய்களின் மேல் ஊற்றிய நீர் உறைந்து தளமாயிற்று. இன்றைய செயற்கைப் பனித்தளங்களும் இக்கொள்கையை ஒட்டியவையே. இதன்பின் ரிங்க் என்பது இயற்கையின் பருவத்தைச் சாராத, மனிதர் கட்டி எழுப்பும் கட்டடத்தின் பெயராகவும் ஆயிற்று.

இந்தியாவுக்கு இச்சொல் மலைவாழிடங்களின் வழியாக வந்தது. மசூரியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மரத்தளச் சறுக்கு மண்டபத்துக்கு ‘தி ரிங்க்’ என்பதே பெயர். சிம்லாவில் 1920இல் தொடங்கிய பனித்தளம் இயற்கைக் குளிரையே நம்பியது: மாலையில் தளத்தில் நீர் பாய்ச்சி விடுவர், இரவின் குளிரில் அது உறையும், காலையில் ஆட்டம் நடக்கும். வெயில் ஏறினால் ஆட்டம் இல்லை. டேராடூனில் 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக எழுப்பிய தளம் உள்ளரங்கச் செயற்கைப் பனித்தளம். தமிழகத்தில் ஸ்கேட்டிங் என்றால் சக்கரச் சறுக்குதான். சிமெண்டுத் தளத்திலும் பள்ளி மைதானத்திலும் பயின்ற தமிழகப் பிள்ளைகள் அதில் உலக மேடை ஏறியுள்ளனர். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2021இல் கொலம்பியாவில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெள்ளியும், 2025இல் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் 1000 மீட்டர் விரைவோட்டத்தில் தங்கமும் வென்றார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளின் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் பெற்றன. இவ்வளவு வளர்ந்துவிட்ட ஆட்டத்தின் களத்துக்கு நிலைத்த தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்று பற்றிய செய்தியன்று. செய்தித்தாளும் பாடநூலும் அறிவிப்புப் பலகையும் நாள்தோறும் எதிர்கொள்ளும் தேவை.

தமிழ் எழுத்தில் இச்சொல் படும் பாட்டை முதலில் நோக்கலாம். தமிழில் ங் என்னும் மெல்லினத்தை அடுத்து வரும் ககரம் எப்போதும் ஒலிப்புடையதாகவே ஒலிக்கும். சங்கம், தங்கம், இங்கே என்னும் சொற்களில் உள்ளது அவ்வொலி. ஆகவே ‘ரிங்க்’ என்று எழுதினாலும் தமிழ் மட்டும் அறிந்த வாசகரின் நாவில் அது ‘ரிங்’ என்பதாகவே நிற்கும். வேற்றுமை உருபு சேர்ந்ததும் இருந்த சிறு வேறுபாடும் கரைந்துவிடும்: மோதிரம் ஆயினும் சறுக்குத் தளம் ஆயினும் ‘ரிங்கில்’ என்பதே வடிவம். பேங்க் என்பது பேங்கில் என்றும், டேங்க் என்பது டேங்கில் என்றும் ஆகும்போது கேட்போர்க்குக் குழப்பம் நேர்வதில்லை, ஏனெனில் அவற்றோடு மோதும் இணைச்சொல் தமிழில் இல்லை. ரிங்க்குக்கு அந்த இணை இருக்கிறது. ‘ஸ்கேட்டிங் ரிங்’ என்று தமிழகமெங்கும் பிள்ளைகளும் பெற்றோரும் சொல்வதைத் திருத்த முற்படுவோர் உண்டு. வேரை நோக்கினால் அவ்வழக்கில் பெரும் பிழை இல்லை. தமிழ் ஒலியமைப்பு இரு சகோதரச் சொற்களை அவற்றின் பழைய பொது வடிவத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பேச்சில் அது நிலைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. எழுத்து வழக்குக்குத்தான் தனிச்சொல் வேண்டும்.

அச்சொல்லின் முற்பகுதியாகச் ‘சறுக்கு’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. சறுக்குதல், வழுக்குதல் என்னும் இரண்டும் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் வழக்கில் வேறுபட்டவை. வழுக்குதலில் தரையின் குணமே முன்னிற்கும்: பாசி படிந்த படித்துறை வழுக்கும், கண்ணன் பிறந்தநாள் விழாவில் உறியடியோடு நடும் வழுக்கு மரம், எண்ணெயும் பிறவும் பூசப்பெற்றதால் வழுக்கும். சறுக்குதலில் இயக்கமே முன்னிற்கும்: யானைக்கும் அடி சறுக்கும் என்பர், பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்குவது சறுக்கு மரம். தாமே விரும்பிச் செய்யும் ஆட்டமாகவும் சறுக்குதல் இருக்கலாம் என்பதைச் சறுக்கு மரம் காட்டுகிறது. எனவே ஸ்கேட்டிங்குக்குச் சறுக்கு என்னும் வேரைத் தேர்ந்தது பொருத்தம். சக்கரம் உண்மையில் சறுக்குவதில்லை, உருள்கிறது என்று ஒரு தடை எழுப்பப்படலாம். ஆயினும் ஆடுபவர் ஒரு காலால் தரையைப் பக்கவாட்டில் உந்தி, மறுகாலின் மேல் உடலைச் சுமத்திச் சறுக்கிச் செல்லும் இயக்கம் பனியிலும் சக்கரத்திலும் ஒன்றே ஆதலின் அத்தடை வலியுடையதன்று. பனிச்சறுக்கு என்னும் தொடர்மொழிக்குத்தான் தெளிவு தேவை. மலைச்சரிவில் நீண்ட பலகை பூட்டி இறங்கும் ஆட்டத்துக்கும், சமதளத்தில் கத்தி பூட்டிய காலணியோடு சுழலும் ஆட்டத்துக்கும் செய்தித்தாள்கள் அவ்வொரு சொல்லையே ஆள்கின்றன. முன்னதற்குக் களம் வேண்டுவதில்லை, சரிவு போதும். பின்னதற்குக் களம் இன்றியமையாதது.

சறுக்கு என்னும் சொல்லுக்குத் தேரோடு உள்ள உறவையும் இங்கே சுட்டுதல் தகும். தேரின் சக்கரத்தின் அடியில் ஆப்பு வடிவில் மரக்கட்டை இட்டு அதன் போக்கைத் திருப்புவதும் நிறுத்துவதும் தென்மாவட்டத் தேரோட்டங்களில் தனித்தொழில். அந்தக் கட்டைக்குச் சறுக்குக்கட்டை என்பது பெயர். பல டன் எடையுள்ள தேர் வீதியின் முனையில் திரும்பவேண்டிய வேளையில், உருளும் சக்கரத்துக்கு முன்பாகக் கட்டையை நீட்டி, சக்கரம் அதன் சாய்ந்த முகத்தில் ஏறிப் பக்கவாட்டில் சறுக்கும்படி செய்வர். கட்டை இடுபவரின் கையும் கண்ணும் ஒரு நொடி பிசகினாலும் உயிருக்கு ஊறு நேரும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் போன்ற பெருந்தேர்களில் இத்தொழில் எத்துணைப் பயிற்சியை வேண்டுகிறது என்பதைத் தேரோட்டம் கண்டவர் அறிவர். உருளுகின்ற ஒன்றைச் சறுக்கவைத்துத் திருப்புதல் என்னும் கருத்து, சக்கரக் காலணி இங்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இச்சொல்லில் பதிந்திருந்தது.

இனிப் பிற்பகுதி. மைதானம், திடல், வளையம், அரங்கம், களம் என்று பலவும் முன்வைக்கப்படுவதுண்டு. மைதானம் பாரசீக மொழியிலிருந்து வந்து தமிழில் நன்கு நிலைத்த சொல். ஆனால் அது திறந்த வெளியைச் சுட்டுமேயன்றி எல்லையை வற்புறுத்தாது. திடல் என்பது மேடான நிலம். வளையம் ரிங் என்பதன் நேர்ப்பொருள். சறுக்கு வளையம் என்றால் ஆட்டக் கருவி ஒன்றின் பெயர் போல ஒலிக்கும். எஞ்சி நிற்பவை அரங்கும் களமும். அவற்றுக்குத் துணையாக மன்றம்.

அரங்கு என்பதை இன்று மேடை, மண்டபம் என்றே கொள்கிறோம். திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளாகிய 401இல் வரும் அரங்கு அப்பொருளதன்று. வட்டு உருட்டி ஆடுவதற்காகத் தரையில் கீறிய கட்டங்களே அங்கு அரங்கு. கற்காமல் அவையில் பேசப் புகுதலைக் கட்டம் கீறாமல் வட்டாடுதலோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். அரங்கு இழைத்தல் என்று உரைகாரர் கூறும் தொடர் கூர்ந்து நோக்கத்தக்கது. இழைத்தல் என்பது தரையில் கோடு கீறி உருவாக்குதல். ஆட்டம் தொடங்கும் முன் எல்லை கீறப்பட்டாக வேண்டும், கீறிய பின்னரே அந்த நிலம் ஆட்டத்துக்குரியதாகும் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. ஸ்காட்லாந்தின் ரிங்க் தாங்கிய அடிப்படைப் பொருளும் இதுவேயாம். இதே இழைத்தல் என்னும் வினை ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நான்காம் பதிகத்துக்குப் பொருளாக அமைந்த கூடல் இழைத்தலிலும் உண்டு. கண்ணை மூடி மணலில் வட்டம் கீறி, தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து கூடினால் விரும்பியவன் வருவான் என்று குறி பார்க்கும் மகளிர் வழக்கம் அது. அந்நூலின் முதற்பதிகத்திலும், நோன்புக்காகத் தரையைத் துப்புரவு செய்து மண்டலம் இடுகின்ற பெண்ணைக் காண்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பாடல்களில் தரையைத் துடைத்தலும் வட்டம் கீறலும் இத்துணை நெருக்கமாக இடம்பெறுவது, இடம் ஒதுக்குதல் என்பது ஒரு செயல், கையால் செய்யும் வேலை என்பதை உணர்த்துகிறது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அரங்கை மேடையாக அளந்து காட்டுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், கோல் என்பது இருபத்து நான்கு விரல் அளவு. ஆட்டம் எதுவோ அதற்கேற்ற அளவு என்னும் நெறி அன்றே நிலவியது. இன்று பன்னாட்டுப் பனி ஹாக்கிக் களத்துக்கு 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் வரை அகலம் என்று விதி இருப்பதும் அந்நெறியே.

களம் என்னும் சொல் இதனினும் விரிவானது. ஏர்க்களம், போர்க்களம் என்னும் இரண்டையும் இணைத்துப் பேசுவது தமிழ் இலக்கியத்தின் நெடிய மரபு. உழவர் நெற்கதிரை அடிப்பதையும் வீரர் பகைவரை அடிப்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பாடும் அம்மரபில் எழுந்ததே களவழி நாற்பது. மலையாளத்திலும் களம், கன்னடத்தில் கண, தெலுங்கில் கள்ளமு என்று நெற்களத்துக்கு இவ்வேரே பெயர் தருகிறது. வீட்டில் தெலுங்கு பேசி வீதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழும் ராஜபாளையத்தில், இரு மொழியாரும் ஐயமின்றி உணரத்தக்க சொல் இது. களரி என்னும் உறவுச்சொல் கேரளத்தில் போர்ப்பயிற்சிக் கூடத்துக்கும், தென்மாவட்டங்களின் வறண்ட பகுதியில் மாசி மாதம் குலதெய்வத்துக்கு எடுக்கும் மாசிக்களரி விழாவுக்கும் பெயராக வழங்குகிறது.

நெற்களத்தை அமைக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும். அறுவடைக்கு முன் மேடான ஓரிடத்தைத் தேர்ந்து, புல்லையும் கட்டியையும் மண்வெட்டியால் செதுக்கி எறிவர். நீர் தெளித்து, மண் பதமானதும் அடித்து இறுக்குவர். பின் சாணத்தைக் கரைத்து ஊற்றி விளக்குமாற்றால் இழுத்து மெழுகுவர். வெடிப்பு கண்ட இடத்தில் மறுமுறையும் மெழுகுவர். காய்ந்தபின் அத்தரையில் ஒரு நெல்மணி விழுந்தாலும் கூட்டி எடுக்கலாம். கல்லோ மண்ணோ தானியத்தோடு கலவாது. சூடடிக்கும்போது மாடுகளை ஒரே வரிசையாகக் கழுத்தில் பிணைத்து, கதிரின் மேல் வட்டமாகச் சுற்றவிடுவர். உட்புறத்து மாடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்ப, வெளிப்புறத்து மாடு விரைந்து நடக்கும். வரிசையும் வட்டமும் ஒருங்கே இயங்கும் இடம் அது. செதுக்கல், இறுக்கல், மெழுகல், எல்லை காத்தல் ஆகிய இந்நான்கும் சறுக்குக் களத்துக்கும் அப்படியே பொருந்துவன. சிமெண்டுத் தளத்தில் கடுகளவு கல் கிடந்தாலும் சக்கரம் தடுக்கி ஆடுபவர் விழ நேரும். ஆகவே பயிற்சிக்கு முன் தளத்தைக் கூட்டுவது சறுக்கு ஆசிரியர்களின் முதல் வேலை. பனித்தளத்தில் கத்தி கீறிய வடுக்களை மழித்து, வெந்நீர் பரப்பி மீண்டும் உறையவைக்கும் எந்திரம் செய்வதும் மெழுகலே.

நீள்பட்டை வடிவமும் தமிழ் வழக்குக்கு அயலானதன்று. நெசவு ஊர்கள் பலவற்றில் பாவடி என்னும் வெளியுண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை நெடுக நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, பிரித்து உலர்த்துவதற்கு வளைவற்ற நீண்ட இடம் வேண்டும். அதற்கென ஒதுக்கிய வெளியே பாவடி. கர்லிங் பட்டைக்கு நிகரான வடிவம் இதனுடையது, பயன் வேறு.

ஈட்டி ஏந்திய குதிரை வீரரின் களத்துக்கு மிக அணுக்கமான சொல் வையாளி. வடமொழியில் வாஹ்யாளி என்பது குதிரையும் யானையும் நடத்திப் பழக்கும் வெளி. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் நூல் அவ்வெளியில் நிகழ்ந்த விளையாட்டுகளை விரித்துரைக்கிறது. தமிழில் அவ்வெளிக்குச் செண்டுவெளி என்றும் வையாளி வீதி என்றும் பெயர். அரசரின் குதிரைகள் மறைந்தபின் இச்சொல் வைணவக் கோயில்களில் தஞ்சம் புகுந்தது. பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் நாளில், வாகனத்தைத் தோளில் தாங்குவோர் ஒரே அடி வைப்பில் முன்னே விரைந்து ஓடி, சட்டென நின்று, பின்னே வாங்கி, பக்கம் திரும்பிச் சுழன்று மீண்டும் ஓடுவர். இதற்கே வையாளி என்று பெயர். திருவரங்கத்தில் இராப்பத்து விழாவின் எட்டாம் நாள், குதிரை வாகனத்தில் வையாளி வரும் பெருமாளைத் திருமங்கை மன்னன் வழிமறிக்கும் வேடுபரி என்னும் நிகழ்ச்சி மணல்வெளி என்னும் இடத்தில் நடக்கிறது. குதிரைக் களத்தின் பெயர் ஆங்கிலத்தில் பனிக்கு நகர்ந்தது. தமிழில் அது களத்தை விட்டு அங்கே நிகழும் அசைவின் பெயராயிற்று. நாட்டுக்கு நாடு பொருள் எவ்வாறு வேறு வேறு திசையில் நடக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான இணை காண்பது அரிது. அவ்வகையில் வையாளியை மீட்டுச் சறுக்காட்டத்துக்குப் பெயராக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது தகாது. வழிபாட்டில் உயிரோடு இயங்கும் சொல்லை வேறு பொருளுக்கு இழுப்பது இரண்டையும் மங்கச் செய்யும்.

ஆகவே திறந்த வெளியில் அமைந்த தளத்துக்குச் சறுக்குக் களம் என்பதும், கூரையும் பார்வையாளர் இருக்கையும் உடையதற்குச் சறுக்கரங்கு என்பதும் ஏற்ற பெயர்கள். பனி, சக்கரம் என்னும் அடைகளைத் தேவையான இடத்தில் முன்னே சேர்த்துக்கொள்ளலாம். விரைவுப் போட்டிக்கு அமைக்கும் நீள்வட்டப் பாதையை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. ஆனந்த்குமார் போன்றோர் விரைவது களத்தினுள் அன்று. திருப்பங்களில் வெளிப்புறம் உயர்த்திச் சாய்த்துக் கட்டிய தடத்தில். பனியில் அமைக்கும் நீள்வட்டத் தடத்தின் சுற்றளவு 400 மீட்டர். சக்கரத்துக்குரிய சாய்தடம் வழக்கமாக 200 மீட்டர். ஆங்கிலத்திலும் அதற்கு ரிங்க் என்னும் பெயர் பொருந்துவதில்லை. எனவே அதனைச் சறுக்குத் தடம் என்று தனியே வழங்குதல் வேண்டும். களம் வட்டமிட்டும் சுழன்றும் கலை காட்டுவதற்கு, தடம் விரைவதற்கு என்ற வேறுபாடு பயிற்சிக்கு வரும் சிறார்க்கு முதல் நாளிலேயே விளங்கிவிடும்.

ரிங்க் என்பதற்கு ஸ்காட்லாந்தில் அணி என்னும் பொருளும் உண்டு என்பது முன்னர்க் கூறப்பட்டது. அப்பொருளுக்கு மன்றம் காத்திருக்கிறது. மன்றம் முதலில் ஊர் நடுவே மரத்தடியில் மக்கள் கூடிய வெளியின் பெயர். ஆநிரை நின்ற இடத்துக்கும் மன்று என்று பெயர் உண்டு. பின்னர் அங்கே கூடுவோரின் பெயராகி, இன்று சட்டமன்றம் முதல் ஊர்ப் படிப்பு மன்றம் வரை அமைப்புகளின் பெயராக வழங்குகிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராகவும் பின்னர் ஒரிசா ஆளுநராகவும் விளங்கிய பி.எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே கொடையாக அளித்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் உள்ளது. அதன் பெயரில் உள்ள மன்றம் கட்டடத்தையும் சுட்டுகிறது, அதைச் சார்ந்தோரையும் சுட்டுகிறது. ஆடும் இடத்துக்குச் சறுக்குக் களம் என்றும், அங்கே கூடிப் பயில்வோரின் அமைப்புக்குச் சறுக்கு மன்றம் என்றும் பெயர்ப்பலகை எழுதினால், ராஜபாளையத்தார்க்கு இரண்டாவது பெயருக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. முதலாவதை, அறுவடைக் காலத்தில் களம் மெழுகிய வீட்டார் எவரும் தம் பிள்ளைகளுக்கு விளக்கிவிடுவர்.